அறுகம்பே போறீங்களா? வாசகர் கேள்விகள், நம்ம பதில்கள்

போன இதழ்ல இலங்கையோட கிழக்குக் கரையில, பொத்துவில் பக்கத்துல இருக்குற அறுகம்பே பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். சர்ஃபிங்குக்குன்னு உலகம் பூரா இருந்து ஆள் வர்ற கடற்கரை, ஆனா டீக்கடையில நம்ம தமிழ்லயே பேசலாம்னு ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டு பதில் சொல்றேன்.

"இலங்கை பீச்னா டிசம்பர், ஜனவரிதான் பெஸ்ட்னு ஆபீஸ் நண்பர் அடிச்சு சொல்றார். நாங்க கிறிஸ்துமஸ் லீவுக்கு அறுகம்பே டிக்கெட் போடலாமா?" – வாசகர், திருச்சி

போடாதீங்க. நண்பர் சொல்றது பொய் இல்ல, ஆனா அவர் சொல்றது வேற கரை. ஹிக்கடுவ, வெலிகம, மிரிஸ்ஸ எல்லாம் தெற்கு, தென்மேற்குக் கரை, அங்க சீசன் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும். அறுகம்பே கிழக்குல இருக்கு, அங்க கதை அப்படியே உல்டா, ஏப்ரல் கடைசி இல்ல மே மாசம் ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும்தான்.

காரணம் காத்து. தென்மேற்குப் பருவக்காத்து மேற்குக் கரையில மழையைக் கொட்டிட்டு, மலையைத் தாண்டி கிழக்குப் பக்கம் இறங்கும்போது காய்ஞ்ச காத்தா வருது, அது நிலத்துல இருந்து கடலைப் பார்த்து வீசுறதால வர்ற அலையோட முகத்தைத் தடவி வழவழன்னு நிக்க வைக்குது. அலையே எங்க இருந்து வருதுன்னா, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடிக்கிற புயல்ல இருந்து. நீங்க காலையில ஏறி நிக்கிற அலை கிளம்பி பல நாள் ஆகியிருக்கும். டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை நேரா அந்தக் கரையில வந்து விழும், கடல் கலங்கிப் போய் கிடக்கும், பாதி கடை பூட்டியிருக்கும். கிறிஸ்துமஸ் லீவுதான் கிடைக்கும்னா வெலிகம போங்க, தரை மணல், கத்துக்கவும் சுலபம்.

"வயசு 38. நீச்சல் தெரியாது. ஒரு வாரத்துல சர்ஃபிங் கத்துக்கலாம்னு வீடியோல பார்த்தேன், நிஜமா?" – பெயர் வேண்டாம், மதுரை

வயசு பிரச்சினையே இல்ல, நீச்சல் தெரியாததுதான் பிரச்சினை. "போர்டு மிதக்கும்ல, லீஷ் கட்டியிருக்கும்ல, அதைப் பிடிச்சுக்கலாம்"னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, அதை நம்பாதீங்க. லீஷ்ங்குறது கணுக்கால்ல கட்டுற ஒரு ரப்பர் கயிறு, அறுந்துபோற பொருள் அது. அறுந்தா போர்டு கரைக்குப் போயிரும், நீங்க அங்கேயே இருப்பீங்க. ஊருலயே ஒரு நீச்சல் குளத்துல சேர்ந்து, கால் எட்டாத தண்ணில பதறாம மிதக்கவும், 200 மீட்டர் மாதிரி நிறுத்தாம நீந்தவும் வந்ததுக்கப்புறம் டிக்கெட் போடுங்க. ஸ்டைலா நீந்தத் தேவையில்ல, பயப்படாம இருந்தா போதும்.

அது வந்துருச்சுன்னா, ஒரு வாரத்துல என்ன ஆகும்? நுரை அலையில, அதாவது ஏற்கனவே உடைஞ்சு வெள்ளையா வர்ற அலையில எழுந்து நிப்பீங்க, அனேகமா முதல் ரெண்டு நாள்லயே. உடையாத பச்சை அலையை நீங்களே கையால துடுப்பு போட்டுப் பிடிச்சு, அது ஓடுற பக்கமா திரும்பிப் போறது இருக்கே, அது ஒரு வாரத்துல சில பேருக்கு வரும், பல பேருக்கு வராது. வரலன்னா ஒண்ணும் குறைஞ்சு போகாது. முதல் நாள் முடிஞ்சதும் கால் வலிக்கும்னு நினைப்பீங்க, வலிக்கிறது தோளும் விலா எலும்பும்தான், ஏன்னா நேரத்துல முக்கால்வாசி படுத்துக்கிட்டு கையால துடுப்பு போடுறதுலதான் போகும். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தண்டால் எடுங்க.

எங்க கத்துக்கணும்னா, பேபி பாயிண்ட். பாயிண்ட்னா அலை உடையுற சர்ஃப் இடம், அங்க பெரிசு மெயின் பாயிண்ட், அதுக்கு உள்பக்கம் இது, அலை சின்னதா மெதுவா வரும். இல்லன்னா ஆட்டோ பிடிச்சு வடக்குல விஸ்கி பாயிண்ட், இல்ல தெற்குல பீனட் ஃபார்ம் போங்க. போர்டு 8 அடிக்குக் குறையாத ஃபோம் போர்டா கேளுங்க. கடைக்காரர் பளபளன்னு ஒரு சின்ன ஃபைபர் போர்டை நீட்டுவார், போட்டோல நல்லா இருக்கும், ஆனா அதுல நிக்க முடியாது.

"மெயின் பாயிண்ட்ல ஒரு வெளிநாட்டுக்காரர் என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டார். கடல் என்ன அவர் அப்பன் வீட்டு சொத்தா? பணம் குடுத்துதான் நானும் வந்திருக்கேன்." – வாசகர், சென்னை

கோபம் புரியுது தம்பி, ஆனா உங்க கடிதத்துலயே விஷயம் இருக்கு. "அவர் தூரத்துல இருந்து வந்துட்டு இருந்தார், நான் கிட்டத்துல இருந்த அலையில ஏறினேன்"னு எழுதியிருக்கீங்க. அதுக்குப் பேருதான் டிராப்-இன், சர்ஃபிங்ல அதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

அறுகம்பேல மெயின் பாயிண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா இது புரியும். தெற்குல ஒரு முனை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு. அலை வந்து அந்த முனையில மோதி, அதைச் சுத்தி வளைஞ்சு, ஒரு ஓரத்துல இருந்து வரிசையா உடைஞ்சுக்கிட்டே குடாவுக்குள்ள ஓடி வருது. ஒரு மீட்டர் உயர அலைன்னா சுமாரா 1.3 மீட்டர் ஆழம் வந்ததும் தடுக்கி விழும், அடியில பாறையும் பவளப்பாரும் ஒரே சீரா இருக்குறதால ஒவ்வொரு அலையும் கிட்டத்தட்ட அதே இடத்துல உடையும். கரையில நின்னு பார்த்தா வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கமா ஓடுற மாதிரி தெரியும், ஆனா சர்ஃபர்ஸ் இதை ரைட்-ஹேண்டர்னு சொல்வாங்க, ஏன்னா அலை மேல கரையைப் பார்த்து நிக்கிறவருக்கு அது வலப்பக்கம்.

இப்போ சட்டம் என்னன்னா, அலை முதல்ல உடையுற இடத்துக்கு யார் ரொம்பக் கிட்ட இருக்காங்களோ, அந்த அலை அவங்களுது. ஒரு அலைக்கு ஒரு ஆள். நீங்க அவர் போற பாதையில குறுக்க இறங்கினீங்கன்னா அவருக்கு ரெண்டே வழி, ஒண்ணு உங்க மேல ஏறணும், இல்ல அலையை விட்டுட்டு விழணும். போர்டுக்கு அடியில இருக்குற ஃபின் கத்தி மாதிரி, தொடையைக் கிழிச்சிரும், அதனாலதான் அந்தக் கத்தல். அவர் வார்த்தையை விட்டது தப்புதான், விஷயம் தப்பு இல்ல.

இன்னும் சிலது இருக்கு, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. உள்ள போகும்போது ஆளுங்க ஓட்டிட்டு வர்ற பாதை வழியா போகாம சுத்திப் போகணும். நடுவுல மாட்டிக்கிட்டா, வர்றவருக்கு முன்னாடி தப்பிச்சு ஓடப் பார்க்காம, அவருக்குப் பின்னாடி நுரையில போய் அடி வாங்கிக்கணும், அதான் மரியாதை. பெரிய அலை வந்தா போர்டைத் தூக்கிப் போட்டுட்டு முங்கக் கூடாது, 8 அடி போர்டு, 8 அடி லீஷ், ஆக உங்களுக்குப் பின்னாடி 16 அடி வரைக்கும் யார் தலையிலயும் அது விழலாம். இதெல்லாம் எழுதி வச்ச சட்டம் இல்ல, போலீஸ் வந்து பிடிக்காது, ஆனா அந்தக் கூட்டத்துல யாருக்கும் மண்டை உடையாம இருக்குறது இதாலதான்.

உள்ளூர்ப் பசங்க நாலு அலை எடுத்தா நீங்க ஒண்ணு எடுங்க. அவங்க அங்கேயே வளர்ந்தவங்க. சீசன்ல மெயின் பாயிண்ட்ல காலை ஏழு மணிக்கு மேல கூட்டத்தைப் பார்த்தா நமக்கே மூச்சு முட்டும், விடியுறதுக்கு முன்னாடி போங்க, இல்ல வேற பாயிண்ட்டுக்குப் போங்க. பேருக்காக மெயின் பாயிண்ட்ல உக்காந்து ரெண்டு மணி நேரத்துல ஒரு அலை கூட கிடைக்காம திரும்புறவங்களை அங்க தினம் பார்க்கலாம்.

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தா அந்த ஆளே அடுத்த அலையை உங்களுக்கு விட்டுக் குடுத்திருப்பார், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

"நானும் தோழியும் மட்டும் போறோம். பாதுகாப்பா? என்ன டிரஸ் போடுறதுன்னு குழப்பம்." – வாசகி, கோவை

போகலாம், நிறைய பெண்கள் தனியாவே வர்றாங்க. பீச்லயும் தண்ணிலயும் நீச்சல் டிரஸ் சாதாரண விஷயம், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஆனா அந்த மெயின் ரோட்டைத் தாண்டினா அது ஒரு ஊர், முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், தமிழ், சிங்களக் குடும்பங்களும் இருக்காங்க, பள்ளிவாசல் இருக்கு, ஸ்கூல் விட்டுப் புள்ளைங்க வரும். பொத்துவில் டவுனுக்கு சாமான் வாங்கப் போனா தோளும் முட்டியும் மூடுற மாதிரி ஒரு சட்டையை மேல போட்டுக்கோங்க. வெள்ளைக்காரங்களே அப்படிப் போகாதப்போ நாம ஏன்னு கேட்காதீங்க, நமக்கு அந்த ஊர் பாஷை தெரியும், அவங்க முணுமுணுக்குறது நமக்குப் புரியும், அதுக்காகவாச்சும்.

தண்ணிக்கு முழுக்கை ரேஷ் கார்டும் (உடம்போட ஒட்டுற சர்ஃப் சட்டை) லெக்கிங்ஸும்தான் என் ஓட்டு. மானத்துக்காகச் சொல்லல, தோலுக்காகச் சொல்றேன். மெழுகு தேய்ச்ச போர்டுல ஒரு மணி நேரம் வயித்தைத் தேய்ச்சா எரிச்சல்ல ராத்திரி தூக்கம் வராது, அந்த வெயிலும் சும்மா விடாது. 2018-ல அங்க ஒரு பெண்கள் சர்ஃப் கிளப் ஆரம்பிச்சாங்க, இலங்கையிலேயே முதல் பெண்கள் சர்ஃப் கிளப் அதுதான். "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு ஊர்ல பேசுனதைக் கேட்டுக்கிட்டேதான் அந்தப் பொண்ணுங்க தண்ணில இறங்குனாங்க. பெண் டீச்சர் வேணும்னா வெக்கப்படாம கேளுங்க.

ராத்திரி பார்ட்டி முடிஞ்சு இருட்டு பீச் வழியா தனியா நடந்து ரூமுக்குப் போறது மட்டும் வேண்டாம். ஆட்டோ பிடிச்சிருங்க. ஏதாவது தொந்தரவுன்னா சுற்றுலா உதவிக்கு 1912, போலீஸுக்கு 119.

"2024-ல அங்க ஏதோ தாக்குதல் மிரட்டல்னு நியூஸ் பார்த்தோமே?" – வாசகர், சேலம்

ஆமா, 2024 அக்டோபர்ல சுற்றுலாப் பயணிகளைக் குறிவைக்கலாம்னு தகவல் வந்து அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்டுச்சு, போலீஸ் பாதுகாப்பைக் கூட்டுனாங்க. தாக்குதல் எதுவும் நடக்கல. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நியூஸ் ஒரு தடவை பார்த்துக்கோங்க, எந்த ஊருக்குப் போனாலும் செய்ய வேண்டியதுதான்.

"கொழும்புல இறங்கி எப்படிப் போறது? யாழ்ப்பாணம் ஃபிளைட் பிடிச்சா பக்கமா?" – வாசகர், பாண்டிச்சேரி

யாழ்ப்பாணம் பக்கம் இல்ல, அது தீவோட அந்த மூலை. கொழும்புல இருந்தே சுமார் 320 கிலோமீட்டர். கார் வச்சா தெற்கு எக்ஸ்பிரஸ்வேல போய் வெல்லவாய, மொனராகலை வழியா ஏழெட்டு மணி நேரம். ராத்திரி பஸ் இருக்கு, சட்டைப்பையைப் பார்த்தா அதுதான் சரி, முதுகைப் பார்த்தா அது சரியில்ல. ட்ரெயின் ஆசை இருந்தா மட்டக்களப்பு வரைக்கும் ட்ரெயின், அங்கிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியா பஸ்ல பொத்துவில், வழியெல்லாம் தமிழ் போர்டுதான். மலைப்பக்கம் ‘எல்ல’ங்குற ஊருக்குப் போயிட்டு அங்கிருந்து இறங்குறவங்களும் உண்டு. 2025 நவம்பர் புயல்ல மலைப்பாதை ரயில் லைன் ரொம்ப அடி வாங்குச்சு, அதனால ட்ரெயின் எது வரைக்கும் ஓடுதுன்னு அந்த வாரத்துல விசாரிச்சிட்டு பிளான் போடுங்க. விசா விதியும் அடிக்கடி மாறுது, இலங்கை அரசோட இ.டி.ஏ. (ஆன்லைன் பயண அனுமதி) தளத்துல மட்டும் பாருங்க, கூகுள்ல முதல்ல வர்ற தளம் எல்லாம் அரசு தளம் இல்ல.

மொனராகலைல இருந்து வர்ற ரோடு லாகுகல காட்டு வழியா போகுது, சாயங்காலம் ஆனா யானை ரோட்டுக்கு வரும். பொழுது சாயுறதுக்குள்ள போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க.

"நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?" – வாசகி, கும்பகோணம்

பட்டினி எல்லாம் இல்ல, இடியாப்பம், சொதி, பருப்புக் கறி, தோசை, ரொட்டி எல்லாம் கிடைக்கும். ஆனா ஒரு விஷயம், தேங்காய்ச் சம்பலைப் பார்த்து நம்ம தேங்காய்த் துவையல்னு நினைச்சு அள்ளிப் போட்டுறாதீங்க, அதுல பல கடையில மாசிக்கருவாடு இடிச்சுப் போட்டிருப்பாங்க, கண்ணுக்கே தெரியாது. "சைவமா?"னு கேட்டா ஆமான்னுதான் வரும், "மாசி போட்டிருக்கா?"னு கேளுங்க, அப்போதான் சரியான பதில் வரும்.

"வாடகை போர்டுல கீறல்னு சொல்லி பணம் கறந்துட்டாங்க. இது வழக்கமா?" – வாசகர், பெங்களூர்

உலகத்துல எந்த சர்ஃப் பீச் போனாலும் இந்தச் சண்டை உண்டு. போர்டை வாங்கின உடனே, கடை வாசல்லயே, கடைக்காரர் பார்க்க, மேல, கீழ, மூக்கு, வால், ரெண்டு விளிம்பு, ஃபின் வேரு, எல்லாத்தையும் மொபைல்ல வீடியோ எடுங்க. ஏற்கனவே இருக்குற டிங்கை, அதாவது அடிபட்ட இடத்தை, கையால தொட்டுக் காட்டி "இது இருக்கு அண்ணே"னு சத்தமா சொல்லுங்க. புதுசா உடைஞ்சா எவ்வளவுன்னு அப்பவே பேசிருங்க. ஃபைபர் போர்டுல ஓட்டை விழுந்தா உடனே தண்ணிய விட்டு வெளிய வாங்க, உள்ள ஃபோம் உப்புத்தண்ணிய உறிஞ்சிட்டா ரிப்பேர் செலவு எகிறிரும். அது நியாயமான செலவுதான், அதுக்கு சண்டை போடாதீங்க.

"காலில் பவளப்பாறை கீறிடுச்சு, சின்னக் காயம்னு விட்டேன், ஊருக்கு வந்து சீழ் பிடிச்சு ஆஸ்பத்திரி." – வாசகர், நாகர்கோவில்

இதைக் கேள்வியா கேட்கல, ஆனா மத்தவங்களுக்காகப் போடுறேன். பவளப்பார் கீறல்ல கண்ணுக்குத் தெரியாத துணுக்கு உள்ள தங்கிரும், அதான் ஆறாம இழுத்தடிக்குது. கடல் தண்ணியே மருந்துன்னு விட்டுறக் கூடாது. நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு, வலிச்சாலும் பரவாயில்லன்னு தேய்ச்சுக் கழுவி, துணுக்கு எடுத்து, கிருமிநாசினி போட்டு, காயுற வரைக்கும் தண்ணில இறங்காம இருக்கணும். இறங்காம இருக்குறதுதான் யாரும் செய்யுறதில்ல. சிவந்து, வீங்கி, சூடா இருந்தா பொத்துவில் ஆஸ்பத்திரிக்குப் போங்க, டெட்டனஸ் ஊசி எப்போ போட்டதுன்னு கேப்பாங்க, தெரிஞ்சு வச்சுக்கோங்க. பெரிய அடின்னா 1990-க்கு போன் போடுங்க, ஆம்புலன்ஸ் இலவசம், 2016-ல இந்திய உதவியோட ஆரம்பிச்ச சேவை அது. மெயின் பாயிண்ட்ல பாறை, பவளப்பார் மேல நடக்கணும்னா ரீஃப் ஷூ போடுங்க, ஸ்டைல் பார்க்காதீங்க.

"அப்பா அம்மா, ரெண்டு குழந்தைங்க. யாரும் சர்ஃபிங் பண்ணப் போறதில்ல. போரடிக்குமா?" – வாசகி, டொரன்டோ

அடிக்காது, குடும்பத்தோட வர்றவங்களுக்குத்தான் அந்தப் பக்கம் சுத்திப் பார்க்க நிறைய. தெற்கே பாணமை தாண்டிப் போனா ஒகந்தை முருகன் கோயில், கடலை ஒட்டியே, பாறை மேல. யாழ்ப்பாணத்துல இருந்து கதிர்காமத்துக்கு நடந்தே போற பாதயாத்திரைக்காரங்க ஒகந்தையில தங்கிட்டுதான் காட்டுக்குள்ள இறங்குவாங்க, ஆடிவேல், அதாவது கதிர்காமம் முருகன் திருவிழா, நெருங்குற சமயம் போனா அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம், அப்பா அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். கோயிலுக்குப் பக்கத்துலயே கூமுனை தேசியப் பூங்காவுக்கு வாசல், பறவைக்குப் பேர் போனது, ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் கூடு கட்டுற காலம். விடியக்காலைல ஜீப் ஏறுங்க.

குழந்தைங்க விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை. கடல் ஓரத்துல இருக்குற களப்பு, அதாவது உப்பங்கழி, பார்க்க ஏரி மாதிரி அமைதியா இருக்கும், அதுல முதலை இருக்கு. 2017-ல ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளரை அங்க ஒரு களப்புல முதலை இழுத்துட்டுப் போச்சு. கை கழுவக் கூட ஓரத்துக்குப் போகாதீங்க. போட்ல போய்ப் பார்க்குறதுன்னா உள்ளூர் மீனவர் ஓட்டுற சுற்றுலாப் படகுல போகலாம், ஆனா கையை வெளிய விடாம.

இன்னொண்ணு, கடல்ல ரிப் கரென்ட். அலை உடையாம, நடுவுல ஒரு பாதை மாதிரி அமைதியா தெரியுற இடம்தான் ஆபத்து, கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அது வழியாத்தான் திரும்பிப் போகுது. குடும்பங்க குளிக்க அந்த இடத்தைத்தான் தேடிப் பிடிச்சு இறங்குவாங்க, "இங்க அலையே இல்ல வா"ன்னு. இழுத்துருச்சுன்னா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீங்க, மிதந்துகிட்டே கையைத் தூக்குங்க, தெம்பு இருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வாங்க. எங்க குளிக்கலாம்னு படகு இழுக்குற மீனவர் யாரையாவது கேட்டுட்டு இறங்குங்க, தமிழ் தெரிஞ்சதோட முழுப் பலன் இதுதான்.

"ஸ்கூட்டி வாடகைக்கு எடுக்க நம்ம லைசென்ஸ் போதுமா? டிரோன் கொண்டு போகலாமா? பீர் கிடைக்குமா?" – மூணு நண்பர்கள், ஈரோடு

லைசென்ஸ் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்து, அதையும் அங்க முறையா பதிஞ்சு வாங்கணும். கடைக்காரர் ஒண்ணும் கேட்காம சாவியைக் குடுத்துருவார், அதை வச்சு சரின்னு நினைக்காதீங்க, விழுந்தா இன்சூரன்ஸ் கை விரிச்சிரும். டிரோனுக்கு இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை அனுமதி வேணும், ஏர்போர்ட்ல போய்ப் பார்த்துக்கலாம்னு பையில திணிச்சுட்டுப் போகாதீங்க. பீர் கிடைக்கும், ஆனா பௌர்ணமி அன்னிக்கு போயா தினம், நாடு முழுக்க மது விற்பனை கிடையாது, அதனால டிக்கெட் போடும்போது காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துக்கோங்க. குடிச்சிட்டு கடல்ல இறங்குறது பத்தி நீங்க கேட்கல, இருந்தாலும் சொல்றேன், கூடாது.